எல்லாம் தெரிந்தும் ஏன் செய்ய முடியவில்லை?

கேள்வி: எனக்கு வயது 43. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையில் 6.1 வந்திருக்கிறது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றார்கள். எதைச் சாப்பிடக் கூடாது, எவ்வளவு நடக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பல நாடுகளில் குளிர்பானத்துக்கு வரி, பாக்கெட்டில் எச்சரிக்கை முத்திரை என்று கொண்டுவருகிறார்களே, நடத்தைப் பொருளாதாரம் என்கிறார்களே, அதனால் உண்மையில் பலன் உண்டா? இல்லை, எங்களைக் குழந்தைகள் என்று நினைக்கிறார்களா? எனக்கு மன உறுதி இல்லை என்பதுதானே உண்மையான பிரச்சினை?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, பிரச்சினை உங்கள் மன உறுதி அல்ல. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

உங்களைப் போன்ற நிலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2002இல் வெளிவந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம்தான். இந்த எண்களை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் எடை குறைத்து நடந்த அந்தக் குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சியாளர் இருந்தார், நேருக்கு நேர் 16 வகுப்புகள் நடந்தன, அதற்குப் பிறகும் விடாமல் கூப்பிட்டுப் பேசினார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. உங்களுக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டும் 'கட்டுப்பாடா இருங்க' என்ற ஒரு வரியும். இரண்டையும் ஒப்பிட்டு உங்களை நீங்களே திட்டிக்கொள்வதில் நியாயமே இல்லை.

மனிதர்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் நடத்தைப் பொருளாதாரம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். இனிப்பின் சுகம் இந்த நிமிடமே கிடைக்கிறது, நோயின் வலி பத்து வருடம் தள்ளி நிற்கிறது, அதனால் நம் மனம் அதை மிகச் சிறியதாகவே பார்க்கிறது. அப்புறம், எது சுலபமோ, எது கண் முன்னால் இருக்கிறதோ அதையே எடுக்கிறோம். படித்தவர், படிக்காதவர், மருத்துவர், நோயாளி, எல்லாரும் இப்படித்தான். இந்தத் துறைக்காக ரிச்சர்ட் தேலருக்கு 2017இல் நோபல் கிடைத்தது. பிரிட்டன் அரசு 2010லேயே இதற்கென்று ஒரு தனிக் குழு அமைத்தது.

சரி, பலன் உண்டா? எந்த நடவடிக்கை என்பதைப் பொறுத்தது. நினைவூட்டும் குறுஞ்செய்தி, கடிதத்தின் வாசகத்தை மாற்றுவது போன்ற சின்னத் தூண்டுதல்களை 'நட்ஜ்' என்பார்கள். ஒரு நிறுவனத்தில் ஊழியர்களிடம் எந்த நாள், எத்தனை மணிக்குப் போய் ஃப்ளூ தடுப்பூசி போடப்போகிறீர்கள் என்று எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னார்கள், போட்டவர்கள் சுமார் 4 சதவீதப் புள்ளிகள், அதாவது நூறு பேருக்கு நாலு பேர், கூடினார்கள். செலவே இல்லாத வேலைக்கு இது நல்ல பலன். ஆனால் அமெரிக்காவில் இரண்டு நட்ஜ் குழுக்கள் நடத்திய 126 சோதனைகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தபோது சராசரி மாற்றம் 1.4 சதவீதப் புள்ளிகள்தான், ஆய்விதழ்களில் வெளியான கட்டுரைகளிலோ அது 8.7. நன்றாக வந்த முடிவுகளே அதிகம் அச்சேறுகின்றன என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே நட்ஜால் ஒரு நாட்டின் சர்க்கரை நோயே குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெரிய பலன் வேறு இடத்தில் இருக்கிறது. பிரிட்டனின் குளிர்பான வரியைப் பாருங்கள். 2016இல் அறிவித்தார்கள், 2018 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரியே இல்லை, 5 கிராமிலிருந்து லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ் என்று வைத்தார்கள். வரி விழுந்தது தயாரிப்பாளர்மேல், அதுவும் படிப்படியாக, நடுவில் இரண்டு வருட அவகாசத்தோடு. என்ன ஆனது? வரியைத் தவிர்க்க நிறுவனங்களே சர்க்கரையைக் குறைத்தன. வரி வரம்புக்குள் வரும் பானங்களில் 100 மில்லிக்கு இருந்த சர்க்கரை 2015க்கும் 2019க்கும் இடையில் 40 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. குடிப்பவர் எந்த முடிவும் எடுக்கவில்லை, எந்த உறுதியும் பூணவில்லை, அவர் வழக்கமாகக் குடித்ததே மாறிவிட்டது! எனக்குத் தெரிந்து இந்த வகையில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இல்லை. மெக்சிகோ 2014இல் லிட்டருக்கு 1 பெசோ என்று நேராக வரி போட்டது, முதல் வருடம் வாங்குவது சுமார் 6 சதவீதம் குறைந்தது. அதுவும் நல்லதுதான், ஆனால் அங்கே சுமை வாங்குபவர் தலையில் விழுகிறது, அதிலும் ஏழைக்குத்தான் அதிகம் வலிக்கும். அந்தப் பணம் அவர்களுக்கே குடிநீராகவோ சிகிச்சையாகவோ திரும்பிவர வேண்டும் என்பது என் கட்சி.

குழந்தைகளாக நினைக்கிறார்களா என்று கேட்டீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் பில் போடும் இடத்தில், குழந்தையின் கண் மட்டத்தில் சாக்லேட் ஏன் இருக்கிறது? யாரோ யோசித்துத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள், உங்கள் தேர்வை ஏற்கெனவே ஒருவர் உங்களுக்காகத் திட்டமிட்டுவிட்டார். 2022 அக்டோபரில் இங்கிலாந்து பெரிய கடைகளில் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை வாசலிலும் பில் போடும் இடத்திலும் வைக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. வேண்டுமென்றால் உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. இதில் அவமரியாதை எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு விஷயத்தில்: வரியும் விதியும் போடத் துணியாத அரசுகள் 'தினமும் நடங்கள்' என்று குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிவிட்டு, எடை குறையாதவர் மேல் பழியைப் போடுகின்றனவே, அதில்தான்.

அரசு செய்யும் வரை நீங்கள் காத்திருக்க முடியாது, அதனால் இதே வழியை உங்கள் வீட்டில் கையாளுங்கள். இனிப்பை அலமாரியில் ஒளித்துவைப்பது பலன் தராது, வாங்கவே வேண்டாம். சாப்பிட்டு வயிறு நிறைந்த நேரத்தில் கடைக்குப் போங்கள். நடைக்கு நாளும் நேரமும் எழுதிவையுங்கள், முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து போங்கள், அவர் காத்திருக்கிறார் என்ற எண்ணமே உங்களைக் கிளப்பிவிடும். பிலிப்பைன்ஸில் புகைப்பவர்களிடம் ஒரு சேமிப்புக் கணக்கில் பணம் போடச் சொன்னார்கள், ஆறு மாதம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனையில் நிகோடின் இருந்தால் பணம் போய்விடும். பத்தில் ஒருவர்தான் சம்மதித்தார், ஆனாலும் இந்த வாய்ப்பு தரப்பட்ட குழுவில் புகையை விட்டவர்கள் 3 சதவீதப் புள்ளிகள் அதிகம். உங்களுக்கு ஒத்துவந்தால் நம்பகமான ஒருவரிடம் அப்படி ஒரு தொகையைக் கொடுத்து வையுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

உங்கள் 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலைக்கான 5.7 முதல் 6.4 வரையிலான எல்லைக்குள்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம். எச்பிஏ1சி இரத்தச் சர்க்கரையின் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, எனவே அடுத்த வாரமே திரும்ப எடுப்பதில் பயனில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது எடுங்கள், உங்கள் மருத்துவர் முன்னதாகச் சொன்னால் அப்போதே. இரத்தசோகை இருந்தால் இந்த எண் தவறாகக் காட்டக்கூடும், அதையும் அவரிடம் சொல்லுங்கள். எடை மிக அதிகமாக இருந்தாலோ, பெண்ணாக இருந்து கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்தாலோ மெட்ஃபார்மின் தேவையா என்று கேளுங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குவது, இதில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.