இணைய அழைப்பும் முன்னுரிமையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

யூடியூப் தடங்கலின்றி ஓடுகிறது. வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது. நிறுவனம் வேண்டுமென்றே செய்கிறதா?

அவசரப்பட்டு அப்படி முடிவுகட்ட வேண்டாம். காணொளி பல விநாடிகளுக்கு வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால், நடுவில் வரும் தடங்கல் நம் கண்ணில் படுவதில்லை. பேச்சை அப்படிச் சேர்த்துவைக்க வழியில்லை. அது பெரும்பாலும் 20 மில்லி விநாடித் துண்டுகளாக, விநாடிக்கு 50 பாக்கெட்டுகள் (சிறு தரவுப் பொதிகள்) என்ற கணக்கில் போகிறது. போய்ச் சேர 150 மில்லி விநாடியைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவருமே நிறுத்திவிட நேரலாம். வீட்டில் யாராவது கைப்பேசிப் படங்களை கூகுள் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தால் ரவுட்டரில் குரல் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். அதை நிறுத்திவிட்டு, வைஃபைக்கு அருகில் வந்து பேசிப் பாருங்கள்.

குரலுக்கு முன்னுரிமை தருவதே தவறா?

எல்லாருடைய குரலுக்கும் தந்தால் தவறில்லை, தன் குரலுக்கு மட்டும் தந்தால் தவறு என்பது என் கருத்து. இணைப்பைத் தருபவரே தொலைபேசிச் சேவையையும் விற்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது. அமெரிக்காவில் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம், தன் இணைப்பின் வழியே வோனேஜ் போன்ற இணையத் தொலைபேசிகள் இயங்காதபடி தடுத்தது; 2005இல் ஒழுங்குமுறை ஆணையம் தலையிட, 15,000 டாலர் செலுத்தித் தடையைக் கைவிட்டது. (தொகை சிறியதுதான்; வழக்கு இன்றுவரை பேசப்படுகிறது.) தடுப்பது வெளிப்படையானது, பிடிபடும். அமெரிக்கக் கேபிள் இணைய நிறுவனமான காம்காஸ்டின் விவகாரம் அவ்வளவு எளிதல்ல. நெரிசல் நேரத்தில் அதிகம் பயன்படுத்துவோரின் போக்குவரத்தைப் பின்னுக்குத் தள்ளும் முறையை அது 2008இல் கொண்டுவந்தது. அதனால் பிறரின் இணைய அழைப்புகள் பாதிக்கப்படலாம், அதன் சொந்தத் தொலைபேசிச் சேவை பாதிக்கப்படாது என்ற நிலையில், ஏன் இந்த வேறுபாடு என்று 2009 ஜனவரியில் ஆணையம் கேட்டது. எங்கள் சேவை பொது இணையத்தில் செல்வதே இல்லை என்பது பதில். தொழில்நுட்பப்படி அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் வீட்டுக்குள் நுழைவது ஒரே கேபிளில்தானே?

இந்தியாவில் இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் கேட்க முடியுமா?

2014 டிசம்பரில் ஏர்டெல் அப்படி அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாள்களிலேயே பின்வாங்கியது. உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தை மாற்றுவதை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். குறிப்பிட்ட சேவைகளைத் தடுப்பதற்கும் அவற்றின் வேகத்தைக் குறைப்பதற்கும் எதிரான டிராயின் பரிந்துரைகளை மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்றது.

அப்படியானால் வோல்ட்இ அழைப்பு (4ஜி வலையமைப்பில் செல்லும் வழக்கமான தொலைபேசி அழைப்பு) மட்டும் தெளிவாகக் கேட்பது எப்படி?

அது உங்கள் டேட்டா பேக்கின் வழியே செல்வதில்லை. வலையமைப்புக்குள்ளேயே குரலுக்கென்று அலைவரிசையில் இடம் ஒதுக்கித் தரப்படுகிறது. வாட்ஸ்அப் அழைப்புக்கோ மற்ற டேட்டாவோடு சேர்ந்த இடம்தான். கூட்ட நேரத்தில் இரண்டிலும் ஒருமுறை பேசிப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும்.