புனிதப் பயணம், தொண்டுப் பயணம்: கேட்டவற்றுக்குப் பதில்

ஆன்மிகப் பயணத்தையும் தன்னார்வப் பயணத்தையும் சுற்றுலா ஆய்வாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுதப்போவதாகச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். இந்தத் துறையில் ஆய்வு செய்வதும் பாடம் எடுப்பதும்தான் என் பிழைப்பு. எந்தப் பயண நிறுவனத்துக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை.

இரண்டும் வேறு வேறு ஆயிற்றே, ஏன் ஒரே அலமாரியில் வைக்கிறீர்கள்?

போகிறவர் பேசுவதைக் கேட்டால் புரியும். "நான் சும்மா ஊர் சுற்றப் போகவில்லை" என்றுதான் இருவரும் பேச்சை ஆரம்பிப்பார்கள். சமூகவியலாளர் எரிக் கோஹென் 1979-இல் பயண அனுபவத்தை ஐந்து வகையாகப் பிரித்தார். ஒரு முனையில் வெறும் பொழுதுபோக்கு. மறு முனையில், தன் வாழ்க்கையின் மையம் தான் வாழும் இடத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று நம்பிக் கிளம்புகிறவர். புனிதத் தலத்துக்கு நடக்கிறவரும் தொலைதூரக் கிராமத்தில் பள்ளிச் சுவர் எழுப்பப் போகிறவரும் இந்த மறு முனைக்குப் பக்கத்தில்தான் தங்களை வைத்துக்கொள்கிறார்கள். ஃபின்லாந்து ஆய்வாளர் பெக்கா முஸ்டோனன், தன்னார்வப் பயணம் பற்றிய கட்டுரைக்குத் தலைப்பிலேயே 'பின்நவீன யாத்திரையா?' என்று கேள்வி வைத்தார். தங்களை வைத்துக்கொள்ளும் இடத்தில்தான் உண்மையில் இருக்கிறார்களா என்பது வேறு கணக்கு.

யாத்ரீகர் எங்கே முடிகிறார், சுற்றுலாப் பயணி எங்கே தொடங்குகிறார்? தெளிவான கோடு உண்டா?

கோடு கிழித்தவர்கள் உண்டு, கோடுதான் நிற்கவில்லை. மானிடவியலாளர்கள் விக்டர் டர்னரும் எடித் டர்னரும் 1978-லேயே, யாத்ரீகர் பாதி சுற்றுலாப் பயணி என்றால் சுற்றுலாப் பயணியும் பாதி யாத்ரீகர்தான் என்று சொல்லிவிட்டார்கள். வாலீன் ஸ்மித் 1992-இல் ஒரு முனையில் பக்தி, மறு முனையில் உல்லாசம் என்று வைத்து, நடுவே கலவைகளை அடுக்கினார். வகுப்பில் இதை வரைந்து காட்டுவேன், பிறகு நானே அழித்துவிடுவேன். காலையில் யாத்ரீகராகக் கிளம்புகிற ஒருவர் மதியம் காலணி கடித்ததும் சுற்றுலாப் பயணியாகி, மாலையில் மணியோசை கேட்டு மறுபடி யாத்ரீகராகிறார். ஒரே மனிதர், ஒரே நாள். கோட்டில் அவரை எந்தப் புள்ளியில் குத்தி வைப்பது?

ஸ்பெயினில் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவை நோக்கிப் போகும் நடைப்பாதை இந்தத் துறையின் ஆய்வகம் மாதிரி. ஐரோப்பிய மன்றம் அதை 1987-இல் முதல் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழ் வேண்டுமானால் குறைந்தது 100 கிலோமீட்டர் நடக்க வேண்டும், மிதிவண்டி என்றால் 200. வழியில் தங்கும் விடுதிகளில், கையோடு கொண்டுபோகும் யாத்ரீகர் ஏட்டில் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும். அந்த 100-ஐ மட்டும் நடந்து, பெட்டியை வண்டியில் அனுப்பிவிட்டு வருகிறவரை, நெடுந்தூரம் நடந்தவர்கள் 'துரிகிரீனோ' என்று கிண்டல் செய்வார்கள். சுற்றுலாப் பயணி, யாத்ரீகர் என்ற இரண்டு ஸ்பானியச் சொற்களையும் ஒட்டவைத்த வசைச்சொல் அது. கோடு கிழிக்கும் வேலை ஆய்வாளர்களுக்கு முன்பே அங்கே நடந்துகொண்டிருக்கிறது, அதுவும் நம்மைவிடக் கறாராக!

எதற்காக வந்தார்கள் என்று அவர்களிடமே கேட்டால் தெரிந்துவிடாதா?

கேட்கிறார்கள். சாந்தியாகோவில் சான்றிதழ் தரும் யாத்ரீகர் அலுவலகத்தில் நிரப்பும் படிவத்தில் நோக்கம் என்ற கேள்வி உண்டு: மதம், மதமும் பிறவும், மதம் சாராதது. 2023-இல் மட்டும் 4,40,000-க்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றார்கள். ஆய்வாளருக்கு நாக்கில் எச்சில் ஊறும் தரவு.

ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நின்று பாருங்கள். லத்தீனில் எழுதிய பாரம்பரியச் சான்றிதழ் மத, ஆன்மிக நோக்கத்தோடு வந்தவருக்குத்தான். வேறு நோக்கம் என்று குறித்தால் வேறொரு வரவேற்புச் சான்றிதழ். வாரக்கணக்கில் நடந்து, கொப்புளம் வெடித்த காலோடு வரிசையில் நிற்கிறவர் எந்தக் கட்டத்தில் குறி போடுவார்? பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அத்தனை தூரம் நடந்த பிறகு 'ஆன்மிகம் இல்லை' என்று எழுத அவருக்கே மனசு வராது. கேட்கும் இடமும் நேரமும் சேர்ந்தே பதிலை எழுதுகின்றன. நோக்கத்தைப் பற்றிய எந்த அட்டவணையைப் பார்த்தாலும், எங்கே நிற்கவைத்துக் கேட்டார்கள் என்று முதலில் தேடுங்கள்.

பாதையில் எல்லோரும் சமம் என்று ஓர் உணர்வு வருமாமே, உண்மையா?

வரும். டர்னர்கள் அதற்குக் 'கம்யூனிடாஸ்' என்று பெயர் வைத்தார்கள்: பதவி, சாதி, பணம் எல்லாம் கழன்று விழுந்து மனிதரும் மனிதரும் நேராகச் சந்திக்கும் நிலை. 1991-இல் ஜான் ஈடும் மைக்கேல் சால்னோவும் தொகுத்த நூல் இதை உடைத்தது. புனிதத் தலங்கள் போட்டிக் களங்கள், ஒவ்வொரு கூட்டமும் தன் அர்த்தத்தைக் கொண்டுவந்து அங்கே மோதுகிறது என்றார்கள். என் அனுபவத்தில் இரண்டும் சரி. கூடவே நடக்கும் பத்துப் பேருக்குள் சமத்துவம், அடுத்த குழுவோடு படுக்கைக்குச் சண்டை.

மொத்தம் எத்தனை பேர் இப்படிப் போகிறார்கள்?

முக்கியப் புனிதத் தலங்களுக்கு ஆண்டுக்கு 30 கோடிப் பேருக்கு மேல் என்று ஓர் எண் கட்டுரைக்குக் கட்டுரை தாவுகிறது. தன்னார்வப் பயணிகளுக்கு 16 லட்சம். அது 2008-இல் வந்த ஒரு மதிப்பீடு. இரண்டும் மதிப்பீடுகள்தான், தலையெண்ணிக்கை இல்லை. 2008-இன் எண்ணை 'தற்போது' என்று எழுதி வரும் ஆய்வேடுகளை நான் திருப்பி அனுப்புவது வழக்கம்.

என் மகளுக்கு 19 வயது. வெளிநாட்டில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் மூன்று வாரம் பணி செய்ய ஆசைப்படுகிறாள். பணம் நாம்தான் கட்ட வேண்டும். அனுப்பலாமா?

மகளின் மனசு நல்ல மனசு. ஆனாலும் அனுப்பாதீர்கள். இந்தத் துறையில் இவ்வளவு உறுதியாக நான் சொல்லக்கூடிய விஷயம் வேறு அதிகம் இல்லை.

லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010-இல் எழுதிய கட்டுரை ஆப்பிரிக்காவின் எய்ட்ஸ் அனாதை இல்லங்களுக்கு வரும் பயணிகளைப் பற்றியது. புதிதாக வருகிறவரைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தைகளைப் பயணிகள் பாசமாகப் பார்க்கிறார்கள். குழந்தை வளர்ச்சி அறிந்தவர்களுக்கு அது எச்சரிக்கை மணி. நிலையான ஒருவரின் அரவணைப்பில் வளரும் சின்னக் குழந்தை அந்நியரைக் கண்டால் கொஞ்சம் தயங்கும். தயக்கமே இல்லாமல் யார் மடியிலும் ஏறுகிறது என்றால், யாரும் நிலைக்கமாட்டார்கள் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். உங்கள் மகள் மூன்று வாரம் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுவாள். அந்தக் குழந்தைக்கு அது எத்தனையாவது பிரிவோ!

இன்னொரு பக்கம் பணம். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே இத்தகைய இல்லங்கள் 75 சதவீதம் பெருகின என்று யுனிசெஃப் சொன்னது. அந்தக் குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பெற்றோர் சாகாமலே அனாதைகள் எப்படிக் கூடினார்கள்? பார்க்க வருகிறவர் கூடினார்கள், நன்கொடை கூடியது, காட்டுவதற்குக் குழந்தை தேவைப்பட்டது. படிப்பு, சாப்பாடு என்று சொல்லி ஏழை வீடுகளிலிருந்து அழைத்துவந்தார்கள். சில இடங்களில் ஆவணத்தில் மட்டும் அனாதையாக்கப்பட்ட குழந்தைகளை ஆஸ்திரேலியச் சட்ட ஆய்வாளர் காத்ரின் வான் டூர் 'காகித அனாதைகள்' என்கிறார். ஆஸ்திரேலிய நாடாளுமன்ற விசாரணை 2017-இல் இதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக எடுத்துக்கொண்டது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானம், சுற்றுலாவோடு சேர்ந்து நடக்கும் அனாதை இல்லத் தன்னார்வத் திட்டங்களின் தீங்கைத் தடுக்கச் சொன்னது.

மகள் விடாப்பிடியாக இருந்தால் அவளிடம் ஒன்று கேளுங்கள்: உன் சொந்த ஊரில், எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல், ஒரு வெளிநாட்டவரை மூன்று வாரம் குழந்தைகளோடு தங்க விடுவார்களா?

அப்படியானால் தன்னார்வப் பயணமே தப்பு என்கிறீர்களா?

இல்லை. இந்தத் துறையே நம்பிக்கையோடுதான் தொடங்கியது. ஸ்டீஃபன் வேரிங் 2001-இல் எழுதிய நூல், சாதாரணச் சுற்றுலாவுக்கு மாற்றாக, போகிறவரையும் இடத்தையும் சேர்த்து வளர்க்கும் ஒன்றாக இதைப் பார்த்தது. பிறகு சந்தேகம் வந்தது. கேட் சிம்ப்சன் 2004-இல், பள்ளி முடித்து ஓராண்டு இடைவெளியில் போகும் இளைஞர்கள் வறுமையை 'ஏழைகள்தான், ஆனால் சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்ற ஒரு வரியில் முடித்துக்கொள்வதைக் காட்டினார். டேனியல் கட்டென்டாக் 2009-இல் தீங்குகளை வரிசைப்படுத்தினார்: அரைகுறை வேலை, உள்ளூர்க்காரரின் கூலி வேலை பறிபோவது, சார்ந்திருக்கும் பழக்கம். இவர்களுக்கெல்லாம் முன்னால், 1968-லேயே, இவான் இல்லிச் மெக்சிகோவில் அமெரிக்க இளம் தன்னார்வலர்களின் கூட்டத்தில் நின்று, உங்கள் நல்லெண்ணம் நாசமாய்ப் போகட்டும், பார்க்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே பேசியிருக்கிறார்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிராமப் பள்ளியில் மூன்று வாரத்துக்கு ஒரு குழு வந்து அந்நிய மொழி கற்றுக்கொடுக்கும். புதுக் குழு வந்ததும் பாடம் முதலிலிருந்து தொடங்கும்: எண்கள், நிறங்கள், ஒரு பாட்டு. பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தன்னார்வலர் சிவப்பு அட்டையைத் தூக்குவதற்கு முன்பே ஒரு சிறுமி 'சிவப்பு' என்று முணுமுணுத்துவிட்டாள். அட்டை வந்ததும், இப்போதுதான் கற்றுக்கொண்டவள் போலக் கண்ணை விரித்து மறுபடி உரக்கச் சொன்னாள். வெளியே வந்ததும் ஏன் அப்படி என்று கேட்டேன். "அவங்களுக்கு இந்த ஒரு பாடம்தான் தெரியும்போல, பாவம்" என்றாள். அன்று அங்கே யார் யாருக்குத் தொண்டு செய்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஐயா, முதுகலை ஆய்வேட்டுக்கு 'தன்னார்வப் பயணம் வாழ்க்கையை மாற்றுகிறதா' என்று தலைப்பு வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. கடைசி நாள் மாலை, கண்ணீரும் கட்டிப்பிடிப்புமாக இருக்கும்போது நேர்காணல் எடுத்து 'மாறிவிட்டேன்' என்று வாங்குவது எளிது. போனவர்கள் பணமும் விடுப்பும் செலவழித்து, மாற வேண்டும் என்று முடிவு செய்துகொண்டே போனவர்கள். சிங்கப்பூரிலிருந்து தென்னாப்பிரிக்கா போன மாணவர்களை ஆராய்ந்த ஹார்ங் லூ சின், 2009-இல் எழுதிய கட்டுரையில், அவர்கள் பேச்சில் உதவியைவிடத் தங்களைப் பற்றிய தேடலே முன்னால் நிற்பதைக் காட்டினார். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, அதைத் தொண்டு என்று மட்டும் பெயரிடுவதில்தான் சிக்கல்.

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, திரும்பி ஓராண்டாவது ஆனவர்களைத் தேடிப்பிடி. என்ன உணர்ந்தாய் என்று கேட்காதே, என்ன செய்தாய் என்று கேள்: வேலை மாறியதா, நேரத்தை எங்கே செலவிடுகிறாய், அந்த ஊரில் யார் பெயராவது நினைவிருக்கிறதா. இரண்டாவது இன்னும் நல்லது. வரவேற்றவர்களிடம் போ. நான்சி மக்கீயும் கேத்லீன் ஆண்டரெக்கும் 2009-இல் மெக்சிகோவின் திஹுவானா நகரவாசிகளிடம், வந்துபோகும் தன்னார்வலர்களைப் பற்றிக் கேட்டார்கள். அப்படிப்பட்ட கட்டுரைகள் இன்றைக்கும் குறைவு. போனவரைக் கேட்க ஒரு மின்னஞ்சல் போதும், வரவேற்றவரைக் கேட்க மொழி தெரிய வேண்டும், போய்த் தங்க வேண்டும். சோம்பேறித்தனத்தைக் கோட்பாடு என்று சொல்லிச் சமாளிக்கிறோம்.

கட்டணம் கொட்டிக் கொடுத்து யோகா முகாமுக்குப் போவதெல்லாம் ஆன்மிகமா?

சந்தை வந்ததால் பக்தி கெட்டது என்பது பழைய புலம்பல். ஜப்பானின் சிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றும் பாதையை நெடுங்காலம் ஆராய்ந்த இயன் ரீடர், 2014-இல் எழுதிய நூலில், விளம்பரமும் வியாபாரமும் யாத்திரையோடு எப்போதும் கூடவே வந்தவை என்கிறார். கட்டணத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

குறை சொல்வது எளிது. நீங்கள் 'நல்லது' என்று சொல்லும் தன்னார்வப் பயணம் ஒன்றாவது உண்டா?

உண்டு. முதல் கேள்வியில் கேட்ட இரண்டும் ஒட்டும் இடமும் அதுதான். மேலே சொன்ன ஸ்பானியப் பாதையில் 'ஓஸ்பிதலேரோ' என்று தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். தாங்களே அந்தப் பாதையை நடந்தவர்கள். பயிற்சி எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 15 நாள் ஒரு விடுதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். சம்பளம் கிடையாது.

வேலையைப் பாருங்கள். காலை எட்டு மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பிறகு படுக்கைகளை உதற வேண்டும், கழிவறை கழுவ வேண்டும், தரை துடைக்க வேண்டும். மதியத்துக்கு மேல் அடுத்த கூட்டம் வந்து வாசலில் முதுகுப்பையை இறக்கும். ஏட்டில் முத்திரை, காலில் கொப்புளமா என்று ஒரு பார்வை, படுக்கையைக் கைகாட்டுவது. யாரையும் முன்னேற்றுவதாக அவர் நினைப்பதில்லை. அவர் பார்த்துக்கொள்கிறவர், போன வருடம் அவர் இருந்த அதே நிலையில் இருக்கும் ஒருவர். அவர் வருவதற்கு முன்பும் அந்த வேலை இருந்தது. 15-ஆம் நாள் அடுத்தவரிடம் சாவியையும், எந்தக் குழாய் ஒழுகுகிறது என்ற தகவலையும் கொடுத்துவிட்டுப் போகிறார்.