கேள்வி பதில்: ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் உள்ளே

கேள்வி: என்னிடம் டயானா 34, நண்பரிடம் வைராக் எச்டபிள்யூ 80. இரண்டிலும் பேரலை மடக்கித்தான் ஸ்பிரிங்கை ஏற்றுகிறோம். உள்ளேயும் ஒன்றுதானா? ஒரே மாதிரி கழற்றலாமா?

பதில்: வேலை செய்யும் விதம் ஒன்றுதான். பேரலை மடக்கினால் அதோடு இணைந்த கம்பி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், ஸ்பிரிங் சுருங்கும், சியர் என்ற கொக்கி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். ட்ரிக்கரை இழுத்தால் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை அமுக்க, அந்தக் காற்று ஒரு சிறு துளை வழியாக பெல்லட்டை (ஈயக் குண்டை) தள்ளும். பேரல் அசையாத வைராக் எச்டபிள்யூ 77, ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ்200 இரண்டிலும் கூட இதே கதைதான். சிலிண்டரே பின்னுக்கு நகர்ந்து பெல்லட் போட இடம் விடும், அவ்வளவே.

கழற்றுவதில்தான் ஆபத்தான வித்தியாசம். எச்டபிள்யூ 80-இன் பின்மூடி மரையில் திருகப்பட்டது. ட்ரிக்கரின் இரண்டு பின்களைத் தட்டி எடுத்து (சேஃப்டி பொத்தானும் அதன் குட்டி ஸ்பிரிங்கும் எகிறும், கையால் மூடிக்கொள்ளுங்கள்) மூடியைத் திருகி வெளியே கொண்டு வரலாம். கடைசி மரையில் ஸ்பிரிங் இன்னும் தள்ளும், ஆகவே உடம்பால் அழுத்திப் பிடிக்க வேண்டும். டயானா 34-இல் அந்த மரையே கிடையாது. குறுக்குப் பின்கள்தான் முழு விசையையும் தாங்குகின்றன. ஸ்பிரிங் கம்ப்ரஸரில் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) பொருத்தாமல் பின்னைத் தட்டினால் பின்கட்டை முகத்தை நோக்கி வரும். எதுவானாலும் பெல்லட் உள்ளே இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

பாகங்களை மாற்றிப் போட முடியாது. டயானாவின் சிலிண்டர் உள்விட்டம் 28 மி.மீ., 80-இல் அதைவிட அதிகம். ஆனால் அமெரிக்காவில் பீமன் ஆர்1 என்று விற்றது எச்டபிள்யூ 80-இன் குடும்பம், ஆர்9 என்பது எச்டபிள்யூ 95. அந்தப் பெயர்களில் வரும் சீலும் (பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் தடுப்பது) ஸ்பிரிங்கும் அந்தந்த மாடலுக்குத் தாராளமாகப் பொருந்தும். வைராக்கின் ரெக்கார்ட் ட்ரிக்கரும் எச்டபிள்யூ 35, 77, 80, 95, 97 எல்லாவற்றிலும் இருப்பதுதான்.

கேள்வி: இன்னும் வலுவான ஸ்பிரிங் போட்டால் வேகம் கூடுமா?

பதில்: பெரும்பாலும் உதைப்புதான் கூடும். முதலில் ஒரு கணக்கு: கம்பித் தடிமன் 3.2 மி.மீ., சுற்று 34 என்றால் முழுக்கச் சுருங்கியும் 109 மி.மீ. நீளம் இருக்கும். ஏற்றிய நிலையில் பிஸ்டனுக்குள் அதைவிடக் குறைந்த இடமே இருந்தால் சியர் பிடிக்காது. வைராக் ஜெர்மனியில் பெல்லட்டின் ஆற்றல் 7.5 ஜூலுக்குள் இருக்கும்படி விற்பதும் அதே மாடல்தான், ஸ்பிரிங் வலுக் குறைந்தது. அங்கே சட்டம் அப்படி.

கேள்வி: எண்ணெய் விட்டபின் சுட்டால் வெடிச் சத்தமும் புகையும் வருகிறது.

பதில்: அமுக்கத்தின் சூட்டில் எண்ணெய் பற்றுகிறது. பிளாஸ்டிக் சீல் கிழியும், ஸ்பிரிங்கும் ஒடியலாம். காற்றுத் துளையில் எண்ணெய் விடும் பழக்கம் தோல் சீல் இருந்த டயானா 27 காலத்தது. தோலுக்கு எப்போதாவது இரண்டு சொட்டு வேண்டும். பிளாஸ்டிக் சீலுக்கு வேண்டாம். பிஸ்டனின் பக்கவாட்டில் மாலிப்டினம் பேஸ்ட்டை விரல் நுனியால் மெலிதாகத் தடவுங்கள், சீலின் முன்முகத்தில் படக்கூடாது.

கேள்வி: ஸ்பிரிங்கும் சீலும் புதிது, ஆனாலும் பெல்லட் குறிக்குக் கீழே போய் விழுகிறது.

பதில்: பேரலின் பின்முனையில் உள்ள சீலைப் பாருங்கள். மூடிய இணைப்பின் மேல் டிஷ்யூ பேப்பர் துணுக்கை வைத்து, பெல்லட் போட்டு, பாதுகாப்பான இலக்கை நோக்கிச் சுடுங்கள். துணுக்கு பறந்தால் காற்று அங்கேதான் போகிறது. சீலை மாற்றுங்கள், அல்லது அடியில் மெல்லிய வளையம் ஒன்று வைத்துச் சற்று உயர்த்துங்கள். அதிகம் உயர்த்தினால் பேரல் முழுதாக மூடாது.