பீரோவில் இருக்கும் துணியைப் பூச்சி அரிக்கிறது, பாச்சை உருண்டை போட்டும் போகவில்லை. என்ன செய்வது?

எந்தத் துணியில் ஓட்டை விழுகிறது என்று நீங்கள் சொல்லலைங்க. பட்டும் கம்பளியும் என்றால் ஒரு கூட்டம், பருத்தி என்றால் வேறு கூட்டம். இரண்டுக்கும் சொல்கிறேன்.

பட்டையும் கம்பளியையும் தின்பது அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும். பறக்கிற அந்து துணியைத் தின்னாது. அதைத் துரத்தி அடிப்பதால் மட்டும் துணி தப்பாது. நம் வீட்டுச் சுவர்களில் வெள்ளரி விதை மாதிரி சப்பையாக, சாம்பல் நிறத்தில் ஒரு கூடு ஒட்டியிருக்குமே, கவனித்ததுண்டா? கொஞ்ச நேரம் பார்த்தால் இந்த முனையில் தலையை நீட்டும், அப்புறம் அந்த முனையில் நீட்டும், கூட்டையே இழுத்துக்கொண்டு நகரும். அதுவும் அந்து வகையறாதான். நூலாம்படையும் உதிர்ந்த முடியும் அதற்குச் சாப்பாடு, கம்பளி கிடைத்தாலும் விடாது. அதனால் பீரோவுக்குப் பின்னால் ஒட்டடை அடிப்பதில் இருந்து ஆரம்பியுங்கள்.

சுத்தமான பட்டைவிட வியர்வையும் எண்ணெயும் பட்ட பட்டைத்தான் புழு தேடிப் போகும். சிறுமுகைப் பட்டைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, வந்த அலுப்பில் அப்படியே மடித்து வைத்துவிடுவோம். அடுத்த முகூர்த்தத்துக்கு எடுக்கும்போது ஜாக்கெட்டின் அக்குளிலும், பாயசம் சிந்திய முந்தானையிலும்தான் ஓட்டை இருக்கும். ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டு, கறையை எடுத்த பிறகே உள்ளே வையுங்கள். கம்பளியை வெயிலில் உதறி, பிரஷ் போட்டுத் தேய்த்தால் முட்டை உதிரும். ஏற்கெனவே புழு இருந்தால் டிரை கிளீனிங் கொடுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்கலாம், மாமியார் இடம் கொடுத்தால்.

பருத்தியில் கை வைப்பது பெரும்பாலும் இராமபாணம் என்கிற வெள்ளிப்பூச்சி (சில்வர்ஃபிஷ்). அதற்கு வேண்டியது கஞ்சிப் பசை. நெகமம் சேலையை நாள்கணக்கில் எடுத்து வைப்பதானால் கஞ்சி போடாமல் வையுங்கள். தட்டில் விரிக்கிற செய்தித்தாளும் அதற்குத் தீனிதான். ஆடிச் சாரலில் பொள்ளாச்சிப் பக்கம் சுவர் ஓதம் காத்தால் பீரோவை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பரணில் சுருட்டி வைத்த பவானி ஜமக்காளம் அரித்திருந்தால் மண் கோடு இருக்கிறதா பாருங்கள், கறையானாக இருக்கும். டி-ஷர்ட்டில் வயிற்றுப் பக்கம் மட்டும் பொடிப்பொடி ஓட்டை என்றால் பெல்ட் பக்கிளைச் சந்தேகப்படுங்கள், பூச்சி பாவம்.

பாச்சை உருண்டையின் ஆவி மூடிய இடத்தில் தங்கினால்தான் புழு சாகும். தினமும் பத்துத் தரம் திறக்கிற பீரோவில் வாசம் நமக்குத்தான். இறுக்கமாக மூடும் டிரங்குப் பெட்டி தேவலை. ஆவி கீழே இறங்கும் என்பதால் துணிக்கு மேலே, சரிகையில் படாமல் வெள்ளைத் துணியில் முடிந்து வையுங்கள். பாத்ரூமுக்கு விற்கும் வண்ண உருண்டை பெரும்பாலும் வேறு மருந்து. இரண்டையும் சேர்த்தால் இளகித் துணியில் கறை பிடிக்கும். கைக்குழந்தை துணிக்குப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். ஜி6பிடி என்கிற நொதி இரத்தத்தில் குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த ஆவியால் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரலாம்.

வேப்பிலை, வசம்பு போடுகிறவர்கள் போடலாம், ஆனால் உள்ளே இருக்கிற புழு அதற்குச் சாகாது. வேப்பிலையை நொறுங்குகிற அளவுக்குக் காய வைத்துப் போடுங்கள், ஈரம் இருந்தால் பட்டில் பூஞ்சை பூத்துவிடும்.