தொங்கும் சைப்ரஸ்: புல்தரை நடுவே ஒற்றை மரம்

"வீட்டு முன்னால் 15 சென்ட் புல்தரை. நடுவில் கிளை தொங்கும் சைப்ரஸ் ஒன்றே ஒன்று வைக்க ஆசை. நர்சரியில் 5 அடிக் கன்று இருக்கிறது. வாங்கலாமா? எப்படி நடுவது?"
- வாசகி, கோத்தகிரி

நீங்கள் சொல்வது காஷ்மீர் சைப்ரஸ் என்ற ஊசியிலை மரம். பெயர்தான் காஷ்மீர், பூர்வீகம் பூட்டானும் அருணாசலப் பிரதேசமும். நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் இலைக்கொத்துகள் நனைந்த துணி மாதிரித் தொங்கும். வளர்ந்தால் 60, 70 அடி சாதாரணம். அதனால் வீட்டுச் சுவர், மின்கம்பி இரண்டிலிருந்தும் 30 அடியாவது தள்ளி இடம் பாருங்கள். வாடைக்காற்று நேரே அடிக்கும் மேடும், உறைபனி தேங்கும் பள்ளமும் வேண்டாம்.

5 அடிக் கன்றை விட்டுவிடுங்கள். ஒன்றரை அடி போதும். பையிலேயே நாள்பட நின்ற கன்றுக்கு வேர் வட்டமாகச் சுருண்டுகொள்ளும். நட்ட பிறகும் விரியாது. மரம் உயர்ந்து தலை கனத்ததும் ஒரு காற்றில் சாயும். பையின் அடியை விரலால் அழுத்துங்கள். கயிறு சுற்றியதுபோலத் தட்டுப்பட்டால் வேறு கன்று கேளுங்கள்.

குழி 3 அடி அகலம். ஆழம் பை உயரத்துக்கு மேல் வேண்டாம். முதல் நாள் மாலை தண்ணீர் நிரப்புங்கள். காலையிலும் நின்றால் அங்கே வேர் அழுகும். அப்படியானால் ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள், குழிக்குள் உரம் தேவையில்லை. கன்றின் கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்) தரைமட்டத்துக்கு அரை அங்குலம் மேலேயே இருக்கட்டும். சுற்றி 3 அடிக்குப் புல்லைச் செதுக்கி, 3 அங்குலம் சருகு பரப்புங்கள்; தண்டில் ஒட்டக் கூடாது. உங்கள் பக்கம் அக்டோபர் மழையோடு நடலாம். ஜனவரியிலிருந்து மழை வரும்வரை வாரம் 15 லிட்டர், முதல் இரண்டு வருஷம். புல்லுக்குத் தினமும் பாய்ச்சும் தண்ணீர் இதன் காலடியில் தேங்கவிடாதீர்கள்.

நுனி இரண்டாகப் பிரிந்தால் சிறியதை உடனே வெட்டுங்கள். கவட்டை பின்னால் பிளக்கும். மற்றபடி கத்தரி வேண்டாம். இலையில்லாத பழைய கட்டை மறுபடி துளிர்க்காது. அடிக்கிளையைக் கழிப்பவர்கள் மரத்தின் பாவாடையையே அவிழ்க்கிறார்கள்! உள்பக்க இலை பழுப்பது இயல்பு. கிளை நுனி காய்ந்து, பட்டையில் பிசின் வடிந்தால் நோய். நல்ல பகுதி வரை வெட்டி எரித்து, ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

"இதே மரம் சமவெளியில் வருமா?"
- வாசகர், திருப்பூர்

வராது. குளிர்ந்த, ஈரமான மலைக்காற்று இதற்கு வேண்டும். தொங்கும் தோற்றம்தான் தேவையென்றால் நெட்டிலிங்கம் வையுங்கள். ஊசியிலை மரமில்லை, ஆனால் உங்கள் வெயிலைத் தாங்கும்.