பூ மழை தவறினால்: சேலம் வாசகர்களின் காலநிலைக் கேள்விகள்

ஆண்டு மொத்த மழை பெரிதாகக் குறையவில்லை. காபி விளைச்சல் மட்டும் ஏன் குறைகிறது? (தோட்டக்காரர், நாகலூர்)

காபிச் செடிக்கு மொத்தக் கணக்கு தெரியாது; பருவம்தான் தெரியும். மார்ச், ஏப்ரலில் விழும் பூ மழைதான் உறங்கும் மொட்டுகளை எழுப்பும். நன்றாக நனைந்தால் எட்டு, பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும். அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை விழுந்தால்தான் காய் நிற்கும். முதல் மழை தூறலோடு நின்றுபோனால் பூ அரைகுறையாக விரியும், பழமும் பல தவணையாகப் பழுக்கும், பறிப்புக் கூலியும் அத்தனை தவணை. தெளிப்பு நீர் வசதி உள்ளவர்கள் இதில் தப்பித்துக்கொள்கிறார்கள்.

வெயில் ஏறினால் தண்டுத் துளைப்பான் வண்டும் பெருகும். அராபிகா வகைக் காபிக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. வெயில் படும் தண்டின் பட்டை இடுக்கில்தான் வண்டு முட்டையிடும். பட்டைமேல் வரி வரியாக மேடு தெரிந்தால் உள்ளே புழு குடைகிறது என்று பொருள். செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். நல்ல விலை வந்ததென்று நிழல் மரங்களை விற்றுவிட்டு மருந்து கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

வறட்சி என்கிறீர்கள், வெள்ளம் என்கிறீர்கள். எதை நம்புவது? (வாசகி, கன்னங்குறிச்சி)

இரண்டையும் நம்புங்கள். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதும் அதுதான், ஒரேயடியாகக் கொட்டுவதும் அதுதான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியது புதுச்சேரி அருகே. உள்நாட்டில் இருக்கும் ஊத்தங்கரையிலோ ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்தது. கடல் தூரத்தில் இருக்கிறது என்ற தைரியம் இனி செல்லாது. ஆனால் ஓடையை மறித்து விடுதி கட்டிவிட்டு வானத்தைப் பழிப்பதில் நியாயமில்லை.

மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்ததும் காலநிலை மாற்றத்தால்தானா? (விவசாயி, ஆத்தூர்)

வந்தது இதனால் அல்ல. தென் அமெரிக்கப் பூச்சி அது. இந்தியாவில் 2020இல் கேரளத்தில் தென்பட்டது. பெருகுவதற்குத்தான் வறண்ட வெயில் உதவுகிறது. நல்ல மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். குருத்து சுருங்கிக் கொத்தாக நின்றால் அதன் வேலைதான். அதை அழிக்கவென்று வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. நிலையத்தை ஒருமுறை கேட்டுவிட்டுத் தெளிப்பானைத் தூக்குங்கள்.

பூமி சூடேறுவதில் இந்தியாவின் பங்கு எவ்வளவு? (மாணவர், வாழப்பாடி)

தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால், கரியமில வாயுவில் உலக சராசரியில் பாதிகூட இல்லை. அதற்காக மேட்டூர் அனல் மின் நிலையத்தின் புகை கணக்கில் வராமல் போகாது.

மின்விசிறி ஓடியும் மதியத்தில் தலை சுற்றுகிறது. (வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி, செவ்வாய்ப்பேட்டை)

வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு ஆறும். தகரக் கூரைக்கடியில், உருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னலையும் சாத்திக்கொண்டால் அது எங்கே உலரும்? கூரைமேல் சுண்ணாம்பு அடியுங்கள். உருக்கும் வேலையை விடியற்காலைக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். தாகம் எடுக்குமுன்பே உப்பு போட்ட மோர் குடியுங்கள். யாருக்காவது உடம்பு கொதித்துப் பேச்சு குழறினால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.