64 பேருக்கு ஒரு கவுன்ட்டி

கேள்வி: அமெரிக்காவின் டெக்சஸில் உள்ள லவ்விங் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) 1887-ல் உருவானது என்கிறது ஒரு கட்டுரை, 1931 என்கிறது இன்னொன்று. எது சரி? எண்ணெய் வற்றியதால்தான் அங்கே 64 பேர் மட்டும் மிஞ்சினார்களாமே?
– போடி வாசகர்

பதில்: இரண்டு ஆண்டுமே சரி. எண்ணெய்க் கதைதான் தப்பு. (பெயரை வைத்துக் காதல் கவுன்ட்டி என்று எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கவுன்ட்டிக்குப் பெயர் தந்த ஆலிவர் லவ்விங் ஒரு மாட்டு வியாபாரி.)

டெக்சஸில் கவுன்ட்டி இரண்டு கட்டமாகப் பிறக்கும். சட்டமன்றம் வரைபடத்தில் கோடு போடுவது முதல் கட்டம். போதிய ஆள் சேர்ந்து, மனுக் கொடுத்து, தேர்தலில் ஷெரீப் முதலானவர்களைத் தேர்ந்தெடுத்தால்தான் நிர்வாகம் தொடங்கும். அதுவரை பக்கத்துக் கவுன்ட்டிதான் கவனித்துக்கொள்ளும். 1887-ல் டாம் கிரீன் கவுன்ட்டியிலிருந்து பிரித்த லவ்விங்கை ரீவ்ஸ் கவுன்ட்டியின் பொறுப்பில் விட்டார்கள். 1890 கணக்கெடுப்பில் அங்கே இருந்தது மூன்றே பேர்.

ஆனால் 1893-ல், கால்வாய்ப் பாசனக் கம்பெனிக்காரர்களின் முயற்சியில், 150 வாக்காளர் கையெழுத்தோடு ஒரு மனு வந்தது! நிர்வாகமும் அமைந்தது. குட்டு உடைந்து, 1897-ல் சட்டமன்றமே அதைக் கலைத்து மீண்டும் ரீவ்ஸோடு சேர்த்தது. 1931-ல்தான் முறையாக மறுபடி அமைந்தது. டெக்சஸில் இப்படி இரண்டு தடவை அமைந்தது இது ஒன்றுதான்.

இனி ஆள் கணக்கு. 1900-ல் 33. நிலம் தேடி வந்தவர்களால் 1910-ல் 249. வறட்சி விரட்ட, 1920-ல் 82. பெக்கோஸ் ஆறு ஓடுகிறதே என்பீர்கள். அது உப்புத் தண்ணீர். 1921-ல் எண்ணெய் கிடைத்தது. 1940-ல் 285, கணக்கெடுப்புகளில் இதுவே உச்சம். பிறகு இறங்குமுகம்: 1970-ல் 164, 2000-ல் 67, 2020-ல் 64.

எண்ணெய் எங்கே வற்றியது? இன்றைக்கு டெலவேர் படுகை என்கிற மேற்கு டெக்சஸ் எண்ணெய்ப் பகுதியின் மும்முரமான துளையிடல் நடப்பதே இந்தப் பக்கம்தான். சாலை முழுக்க லாரி. ஆனால் கணக்கெடுப்பு, ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் அவரை எண்ணும். வெளியூரில் வீடு வைத்துக்கொண்டு இங்கே வேலைக்கு வருகிறவர் லவ்விங் கணக்கில் ஏறமாட்டார்.

2010-ன் 82 பேரில் 18 பேர் போய்விட்டார்கள் என்றும் விரல் விட்டு எண்ணாதீர்கள். 2020-ல் தனிநபர் ரகசியம் காக்க, மாநில மொத்தத்தைத் தவிர்த்துக் கவுன்ட்டி எண்களை வேண்டுமென்றே சற்றுக் கூட்டிக் குறைத்துத்தான் வெளியிட்டார்கள்.